கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த காசும் பவர் சப்ளையில் மிச்சம் பிடித்த காசும்

2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், நான் இரண்டு வருடங்களாகக் கட்டிவந்த சீட்டு என் கைக்கு வந்தது. தொகை 180,000 ரூபாய். திருகோணமலை உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் எனக்கு, ஒரே தடவையில் கையில் பிடித்த மிகப் பெரிய காசு அதுதான். கடற்பக்கத்துக் கூரையின் ஓடுகளை மாற்ற வேண்டும் என்று அம்மா சொன்னார். நான் கேமிங் கணினி வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் வந்த ஒவ்வொரு நட்டத்தின்போதும் அந்த ஓடுகளே என் கண்முன் வந்து நின்றன.

பாகங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி நேரில் கேட்க எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. நண்பர்கள் எல்லோரும் கைப்பேசியில் விளையாடுபவர்கள். ஆகவே இரவு வேலை முடிந்த பின்னர் யூடியூப் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் தயாரித்தேன். அந்தக் காணொளிகளில் பெரும்பாலானவை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்டவை. அமெரிக்காவில் ஏறத்தாழ 200 டொலருக்கு விற்கப்பட்ட ஆர்எக்ஸ் 6600 என்ற கிராபிக்ஸ் கார்டை, அன்றைய மதிப்பில் டொலருக்கு 310 ரூபாய் வீதம் பெருக்கி, 62,000 ரூபாய் என்று கொப்பியில் எழுதி வைத்தேன். கொழும்பில் அதன் புதிய விலை 90,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. இறக்குமதிச் செலவு, கடைக்காரரின் இலாபம், அந்த ஜனவரி முதலாம் திகதி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்த வற் வரி ஆகிய எதையும் நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. டொலர் விலையைப் பெருக்கிப் பட்டியல் போடாதீர்கள். பயணம் புறப்படுவதற்கு முன்னர் குறைந்தது மூன்று கடைகளிடம் வாட்ஸ்அப்பில் ரூபாய் விலையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யாததால், என் முழுத் திட்டமும் ஒரு கடையின் மேசைக்கு முன்னால் பத்து நிமிடத்தில் மாற்றி எழுதப்பட்டது.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக இரவு பஸ்ஸில் போய், காலையில் பம்பலப்பிட்டியில் இறங்கிக் கடை திறக்கும் வரை காலி வீதியில் நின்றேன். அங்கு வாங்கியவற்றை விலையோடு சொல்கிறேன். ஐ3-12100எஃப் ப்ரோசசர் 30,000, எச்610 மதர்போர்ட் 26,000, 8 ஜிபி ராம் ஒன்று 8,000, 256 ஜிபி எஸ்எஸ்டி 9,000, 24 அங்குல மொனிட்டர் 38,000, விசைப்பலகை, மவுஸ், ஹெட்செட் மூன்றும் சேர்த்து 9,000. எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை என்று தனியாக எதுவும் என் பற்றுச்சீட்டில் இல்லை. முன்பக்கத்தில் மூன்று வண்ண விளக்கு விசிறிகள் கொண்ட கேசிங் ஒன்றை 9,500 ரூபாய்க்குக் காட்டி, அதற்குள்ளேயே 500 வாட் பவர் சப்ளை பொருத்தப்பட்டிருப்பதாகக் கடைப் பெடியன் சொன்னபோது, நான் உண்மையில் மகிழ்ந்தேன். நல்ல பவர் சப்ளை தனியாக 18,000 ரூபாய். கேசிங்கையும் சேர்த்து 9,500 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒன்றை விட்டுவிட்டு எவன் அதை வாங்குவான் என்றே நினைத்தேன்.

கிராபிக்ஸ் கார்டுக்குப் புதியது வாங்க வழியில்லாததால், முகநூல் விளம்பரம் ஒன்றைப் பார்த்து, அன்று மாலையே வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்புக்குப் போய், பாவித்த ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்டை 42,000 ரூபாய்க்கு எடுத்தேன். விற்றவர் அதைத் தன் கணினியில் பூட்டி, திரையில் படம் வருவதைக் காட்டினார். நீல நிற டெஸ்க்டொப்பைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். விளையாட்டு எதையும் ஓட்டச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால் அவர் மனம் நோகுமோ என்ற கூச்சம். புறப்படும்போது அவர், பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் மொலெக்ஸ் வயரிலிருந்து கார்டின் 8 ஊசிச் சொருகிக்கு மாற்றும் சிறு துண்டு வயர் ஒன்றை இலவசமாகத் தந்தார். "உங்கட பவர் சப்ளையில வயர் இல்லாட்டி இதைப் போடுங்கோ" என்றார். நன்றி சொல்லி வாங்கினேன். மொத்தம் 171,500 ரூபாய் முடிந்திருந்தது.

அந்தத் துண்டு வயர் எனக்குத் தரப்பட்ட எச்சரிக்கை என்பது அப்போது விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து பூட்டும்போது, கேசிங்குடன் வந்த பவர் சப்ளையில் கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 ஊசி வயர் இல்லவே இல்லை. அப்படியொரு வயர் இல்லாத பவர் சப்ளை, அந்த அளவு மின்சாரம் இழுக்கும் கார்டுக்கென்று செய்யப்பட்டதல்ல. வாங்கும் இடத்திலேயே கேசிங்கின் பக்கத் தகட்டைத் திறக்கச் சொல்லி இந்த ஒரு வயரைத் தேடிப் பாருங்கள். அது இல்லையென்றால் வெளியே எத்தனை வாட் எழுதியிருந்தாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

முதல் இரண்டு நாட்கள் பெருநாள் போல இருந்தது. மூன்றாம் நாள், விளையாட்டுத் தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் திரை கறுத்து, கணினி தானாக மறுபடியும் இயங்கத் தொடங்கியது. சூடுதான் காரணம் என்று எண்ணிப் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்தேன். பிறகு விண்டோஸ் கெட்டுவிட்டது என்று எண்ணி மூன்று தடவை புதிதாக நிறுவினேன். ஒவ்வொரு தடவையும் விளையாட்டுக்களைத் திரும்பவும் பதிவிறக்க வேண்டியிருந்தது. ஜிடிஏ 5 மட்டுமே ஏறத்தாழ 100 ஜிபி என்பதால் டேட்டாவுக்கு மட்டும் சில ஆயிரங்கள் போயின. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் கேர்னல்-பவர் 41 என்ற ஒரே வரி பதிவாகியிருந்தது. முறையாக நிறுத்தப்படாமல் கணினி அணைந்தது என்பதை மட்டுமே அந்த வரி சொல்கிறது, ஏன் என்று சொல்லாது. ஆனால் விளையாடும்போது மட்டும், நீலத் திரையோ பிழைச் செய்தியோ எதுவுமின்றி, ஆளியைத் தட்டியதுபோல் அணையுமானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளையை. நான் ஐந்து கிழமைகளாக மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய கிழமை, ஒரு மாலையில் கரண்ட் போய், சில விநாடிகளில் திரும்ப வந்து, மறுபடியும் போய் வந்தது. கணினியின் சொருகியை நான் கழற்றியிருக்கவில்லை. இரண்டாம் தடவை மின்சாரம் வந்தபோது கேசிங்கின் பின்பக்கத்தில் ஊர்த் திருவிழா வெடி போல ஒரு சத்தம். பிறகு மீன் எண்ணெயும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகியது போன்ற மணம் அறை முழுவதும் பரவியது. அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து, கணினியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் பஸ் நிலையத்துக்கு அருகே தொலைக்காட்சி, அம்ப்ளிபயர் திருத்தும் ஒரு சிறு கடைக்குக் கேசிங்கைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த வயதான அண்ணர் பவர் சப்ளையைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து, மாம்பழத்தின் பாரம் பார்ப்பது போல இரண்டு தரம் தூக்கிப் பார்த்தார். பின்னர் அதன் ஸ்டிக்கரைத் திருப்பி, 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே இருந்த எண்ணைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். 18 அம்பியர். "பன்னிரண்டைப் பதினெட்டால பெருக்கும் தம்பி" என்றார். 216 வந்தது. "அப்ப 500 எண்டது ஸ்டிக்கருக்கு. சாமானுக்கு 216 தான்." ப்ரோசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழு மின்சாரத்தையும் 12 வோல்ட் வழியாகவே எடுக்கின்றன. ஐ3-12100எஃப் முழு வேகத்தில் 89 வாட் வரை போகும். ஆர்எக்ஸ் 580 இன் கணக்கு 185 வாட். இரண்டும் சேர்ந்தால் 274. இந்தக் கூட்டலைச் செய்ய எனக்கு ஆறாம் வகுப்புக் கணிதம் போதும், ஆனால் ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அவர் மூடியையும் கழற்றினார். வீட்டு மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில், மின்னிரைச்சலை வடிகட்டும் சுருள்கள் இருக்க வேண்டிய இரண்டு வட்டங்கள் பலகையில் வரையப்பட்டிருந்தன. அவற்றில் சுருள்களுக்குப் பதிலாக வளைத்து ஈயம் பற்றவைத்த கம்பித் துண்டுகள் இருந்தன. பக்கத்திலிருந்த பெரிய கொள்ளளவி வெடித்து, உள்ளிருந்த தாள் பஞ்சாக வெளியே தள்ளியிருந்தது. எந்த விளக்கத்தையும்விட அந்த இரண்டு கம்பித் துண்டுகள் எனக்கு அதிகம் கற்றுத்தந்தன. மதர்போர்டையும் பார்த்துவிட்டு, அதுவும் போய்விட்டது என்றார். என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மதர்போர்டுக்கு மூன்று வருட உத்தரவாதம் இருந்தது என்ற நம்பிக்கையில், புத்தாண்டு விடுமுறை முடிந்து கடைகள் திறந்ததும் மீண்டும் கொழும்புக்குப் போனேன். வாங்கியதைக் கொடுக்க ஒரு பயணம், முடிவைக் கேட்டு எடுத்துவர இன்னொரு பயணம். இரண்டாம் முறை போனபோது, உத்தரவாதப் பிரிவில் இருந்த இளைஞர் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் மதர்போர்டை வைத்து, 24 ஊசிச் சொருகிக்குப் பக்கத்தில் மிளகளவு பழுப்பு நிறப் புள்ளி ஒன்றைக் காட்டினார். "மல்லி, பேர்ன் மார்க் இருக்கு. வொரன்ரி இல்லை." பின்னர் யுஎஸ்பி துளைகளின் ஓரத்தில் படிந்திருந்த பச்சையையும் ஆணிகளின் துருவையும் பார்த்து, வீடு கடல் பக்கமா என்று கேட்டார். ஆம் என்றேன். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எரிந்த அடையாளம், துரு, உடைவு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்றும், ஒரு வருடம் என்பது 350 நாட்கள் என்றும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். அவரோடு சண்டை பிடிக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெளியூரில் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கொழும்பில் இருப்பவருக்கு உத்தரவாதம் என்பது ஒரு முச்சக்கரவண்டிப் பயணம். எங்களுக்கு அது போகவும் வரவும் இரண்டு இரவுகள், இரண்டு நாள் விடுப்பு, சாப்பாட்டோடு சேர்த்து 6,000 ரூபாய். ஆகவே கடைசியில் 1,500 ரூபாய் குறைவு என்பதற்காகத் தொலைவிலுள்ள கடையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னர், கூரியரில் அனுப்பினால் உத்தரவாதத்துக்கு ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். திருகோணமலை நகரில் உள்ள கடைகளில் சில சாமான்கள் சற்று விலை கூடத்தான். ஆனால் மதர்போர்டையும் பவர் சப்ளையையும் இங்கேயே வாங்குவதுதான் மலிவு என்பது இப்போது என் கருத்து.

அந்த நாட்களில்தான் ஆர்எக்ஸ் 580 பற்றியும் உண்மை தெரிந்தது. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை அலுவலக நண்பர் ஒருவரின் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, ஷேடர், அதாவது படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகளின் எண்ணிக்கை 2048 என்று வந்தது. முழுமையான ஆர்எக்ஸ் 580 க்கு அது 2304 இருக்க வேண்டும். 2048 உள்ளது உண்மையில் ஆர்எக்ஸ் 570 இன் சில்லு. சீனச் சந்தைக்காக 580 என்ற பெயரோடு வந்தது. கார்டின் அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது, விசிறி ஒன்று கையால் சுற்றினாலும் அரைச் சுற்றில் நின்றது. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற இணைய நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளைக் கணக்குப் போடவைத்து நாணயம் ஈட்டும் ‘தோண்டல்’ முறையைக் கைவிட்ட பின்னர், இரவு பகலாக ஓடிய ஏராளமான கார்டுகள் பாவித்த சந்தைக்கு வந்துவிட்டன. என்னுடையதும் அவற்றில் ஒன்றாக இருந்திருக்கலாம். தோண்டலுக்கு ஓடிய கார்டு என்பதாலேயே அதை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் 2017 இல் வந்த ஒரு மாதிரிக்கு 42,000 ரூபாய் கொடுத்தது என் அறியாமை. பாவித்த கார்டு வாங்கப் போகும்போது அந்த மென்பொருளை ஒரு பென் ட்ரைவில் கொண்டுபோங்கள். விற்பவரின் கணினியிலேயே ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்கள்; விளையாட்டு ஒன்றை இருபது நிமிடம் ஓட்டச் சொல்லி, வெப்பநிலை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். கூச்சம் எனக்கு விலை வைத்தது போல உங்களுக்கும் வைக்க வேண்டாம்.

இன்னொரு தவறு, ப்ரோசசரின் பெயரில் கடைசியாக வரும் எஃப் என்ற எழுத்து. அந்த எழுத்து இருந்தால் உள்ளே காட்சிப் பகுதி இல்லை. தனிக் கார்ட் இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று நான் அதை எடுத்தேன். கணினி செத்த நாளில் கோளாறு கார்டிலா மதர்போர்டிலா என்று பிரித்துப் பார்க்கக்கூட வழி இருக்கவில்லை. கையில் காசு குறைவாக இருந்து, கார்டைப் பிறகு வாங்கலாம் என்று எண்ணுபவர்கள், எஃப் இல்லாத ப்ரோசசரையோ ரைசன் 5 5600ஜி போன்ற ஒன்றையோ எடுக்கலாம். 5600ஜி தன் உள்ளிருக்கும் காட்சிப் பகுதியாலேயே வலொரண்ட் போன்ற இலகுவான விளையாட்டுக்களை ஓட்டிவிடும். பின்னர் பெரிய கார்ட் பூட்டும்போது சாதாரண 5600 ஐவிட அது சற்றுப் பின்தங்கும் என்பது உண்மைதான், ஆனால் ஆறு மாதம் கழித்து நல்ல கார்ட் வாங்குவது, இன்றே கெட்ட கார்ட் வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம். மொனிட்டரையும் நான் அவசரப்பட்டு வாங்கினேன். வீட்டுத் தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ துளை இருந்தது; அந்த 38,000 ரூபாய் பவர் சப்ளைக்கும் ராமுக்கும் போயிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

நட்டத்தைக் கூட்டினேன். மதர்போர்ட் 26,000. மேலதிகமாகக் கொழும்புக்குப் போன இரண்டு பயணங்களுக்கு 12,000. அந்த ஆர்எக்ஸ் 580 ஐப் பின்னர் 24,000 ரூபாய்க்கு விற்றதில் 18,000. மொத்தம் 56,000 ரூபாய், விடுப்பு எடுத்த நான்கு நாட்களின் சம்பளம் வேறு. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜூலை கடைசி வரை கணினி மூலையில் கிடந்தது. விற்கும்போது வாங்க வந்த பெடியனிடம் 2048 விவரத்தை நானே சொன்னேன். அதனால் நாலாயிரம் குறைத்துக் கேட்டான், கொடுத்தேன்.

அக்காவிடம் கடன் வாங்கி இரண்டாம் தடவை கட்டியபோது வரிசையைத் தலைகீழாக்கினேன். முதலில் மின்சாரத்தை வீணாக்காத அளவைக் குறிக்கும் 80 பிளஸ் பிரோன்ஸ் தரமுள்ள 550 வாட் பவர் சப்ளை, 18,500 ரூபாய். அதன் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு 43 அம்பியர்; பெருக்கினால் 516 வாட். பழையதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பாரம், அண்ணர் செய்தது போல நானும் கையில் தூக்கிப் பார்த்தேன். அடுத்து எச்610 மதர்போர்ட், இந்தத் தடவை எங்கள் நகரிலேயே. ப்ரோசசரும் ராமும் அதிட்டவசமாகத் தப்பியிருந்தன. இரண்டாவது 8 ஜிபி ராம் ஒன்றை 7,500 ரூபாய்க்குச் சேர்த்தபோது, முன்பு விளையாட்டில் இடையிடையே வந்த திக்கல் நின்றுபோனதைக் கண்ணால் கண்டேன். ஒன்று மட்டும் இருந்தால் தரவு ஒரு வழியில் போகும், இரண்டு இருந்தால் இரண்டு வழியில் போகும். ஆகவே 16 ஜிபி வாங்குபவர்கள் 8 ஆக இரண்டு வாங்க வேண்டும். மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயோஸுக்குள் போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்பதையும் இயக்குங்கள். என் 3200 வேக ராம் இத்தனை நாளும் 2666 இல் ஓடிக்கொண்டிருந்தது. செப்டெம்பரில் உத்தரவாதம் பதினான்கு மாதம் மிச்சமிருந்த, பாவித்த ஆர்எக்ஸ் 6600 ஒன்று 62,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அது இழுப்பது 132 வாட்தான், ஆனால் பழைய கார்டைவிடப் பல மடங்கு நிம்மதி.

எந்தக் காணொளியும் சொல்லாதது கடற்காற்று. எங்கள் வீடு மனையாவெளியில். கடலுக்கும் எங்களுக்கும் இடையில் இரண்டு ஒழுங்கைகளே உண்டு. வாடைக் காற்றுக் காலத்தில் ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்த ஜன்னலுக்குக் கீழேதான் முதல் கணினியை வைத்திருந்தேன். இப்போது மேசையை உள்சுவருக்கு மாற்றிவிட்டேன். விளையாடாத நாளிலும் ஒரு மணி நேரமாவது இயக்குகிறேன். உள்ளே சூடேறினால் ஈரம் தங்காது. நிறுத்தி நன்றாக ஆறிய பின்னர் பழைய பருத்திச் சேலைத் துண்டால் மூடுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துப் பூட்டுகிறேன். திரையில் ஒன்றும் வராமல் கணினி மட்டும் ஓடுகிறது என்று இங்கே பலர் திருத்தக் கொண்டுபோவதற்கு இந்தப் பற்களில் படியும் உப்புத்தான் பல வேளைகளில் காரணம் என்று அண்ணரும் சொன்னார்.

கடைசியாக வாங்கியது யுபிஎஸ், 650 விஏ, 16,000 ரூபாய். விஏ என்பது வாட் அல்ல. என்னுடையது தாங்குவது 360 வாட். விளையாடும்போது கணினியும் மொனிட்டரும் சேர்ந்து அதற்குள் அடங்கிவிடுகின்றன, ஆனால் நான்கைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. அதன் வேலை முறையாக நிறுத்த நேரம் தருவது மட்டுமே. மலிவான யுபிஎஸ் சில பவர் சப்ளைகளோடு ஒத்துப்போகாமல், கரண்ட் போனதும் தானும் அணைந்துவிடும். ஆகவே வாங்கிய அன்றே விளையாட்டை ஓட்டிவிட்டுச் சுவர்ச் சொருகியைக் கழற்றிச் சோதித்து, சரிவராவிட்டால் உடனே மாற்றுங்கள்.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் என்று சொல்லி நாடு முழுவதும் மின்சாரம் நின்ற அந்த முற்பகலில், நான் விளையாடிக்கொண்டிருந்தேன். யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. கணினியை நிறுத்தி, சுவர்ச் சொருகியைக் கழற்றி, வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பின்னர் மின்சாரம் வந்து, விளக்குகள் ஒருமுறை மங்கி, மறுபடியும் நிலைத்தன. அம்மா அறை வாசலில் வந்து நின்று, "கழட்டினனியோ?" என்று கேட்டார். சுருட்டி வைத்த வயரைக் காட்டினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் சொருகினேன்.